லண்டன் மாரத்தான் ஓடி ஆட்டிச அமைப்புக்கு நிதி திரட்டுவது எப்படி?

1981 மார்ச் 29 அன்று முதல் லண்டன் மாரத்தான் நடந்தபோது ஓடி முடித்தவர்கள் 6,255 பேர். 2025 இல் அந்த எண்ணிக்கை 56,640. அந்த ஒரு போட்டியை ஒட்டி அறப்பணிகளுக்குத் திரண்ட தொகை 8 கோடியே 73 லட்சம் பவுண்டு. க்ரிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் தொடங்கிவைத்த ஓட்டப் போட்டி, உலகின் மிகப்பெரிய ஒருநாள் உண்டியலாகவும் வளர்ந்துவிட்டது. ஆண்டுதோறும் அந்த உண்டியலின் ஒரு பங்கு ஆட்டிச நிலையாளர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்குப் போகிறது.

இந்த அத்தியாயத்தில் ஓட்டத்தைவிடப் பணத்துக்கே இடம் அதிகம். 16 வாரப் பயிற்சி அட்டவணை எங்கு தேடினாலும் கிடைக்கும். அதை ஒழுங்காகப் பின்பற்றிவிட்டு, மார்ச் மாதம் பிறந்த பிறகு "இன்னும் 1,400 பவுண்டு சேரவில்லையே" என்று கையைப் பிசைகிறவர்கள்தான் ஏராளம். நிதி வேலையை முதலில் தொடங்க வேண்டும். ஓட்டப் பயிற்சி அதன் பின்னால் வரட்டும்.

படி 1: அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

"ஆட்டிசம் என்று பெயரில் இருக்கிறது, போதும்" என்று முடிவு செய்வது பலர் செய்கிற தவறு. ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு வேலை செய்கிறது. நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி 1962 இல் பெற்றோர் சிலர் கூடித் தொடங்கியது. மனநல மருத்துவர் லோர்னா விங் அவர்களில் ஒருவர். அவருடைய மகளும் ஆட்டிச நிலையாளர். பள்ளிக்கூடங்கள் ஏற்க மறுத்த பிள்ளைகளுக்காக 1965 இல் மேற்கு லண்டனின் ஈலிங்கில் தனிப் பள்ளியே திறந்தார்கள். ஆம்பிஷஸ் அபவுட் ஆட்டிசம் என்ற அமைப்பின் வேர் 1997 இல் தொடங்கிய ட்ரீஹவுஸ் பள்ளி. நாவலாசிரியர் நிக் ஹோர்ன்பி அதைத் தொடங்கிய பெற்றோரில் ஒருவர். ஆட்டிஸ்டிகா முக்கியமாக ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. பள்ளியா, ஆராய்ச்சியா, பெரியவர்களுக்கான ஆதரவா? எதற்காக ஓடுகிறோம் என்பதில் தெளிவு இருந்தால், பின்னால் ஒவ்வொருவரிடமும் கேட்கும்போது நாக்குத் தடுமாறாது.

முடிவு செய்யும் முன் நான்கு வேலைகள்:

1. சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் அமைப்பின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்கறிக்கையும் அங்கேயே இருக்கும்.
2. அமைப்பை நடத்தும் குழுவில் ஆட்டிச நிலையாளர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.
3. ஆட்டிசத்தைக் "குணப்படுத்துகிறோம்" என்று சொல்லும் எவருக்கும் ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். ஆட்டிசம் நோயல்ல, அதைப் போக்கும் மருந்தும் கிடையாது. குளோரின் டை ஆக்சைடு என்ற வெளுப்பான் கரைசலை மருந்தென்று விற்று, குழந்தைகளின் வயிற்றைப் புண்ணாக்கியவர்கள்கூட உண்டு.
4. பணம் எந்த வேலைக்குப் போகும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

படி 2: இடம் பிடியுங்கள்

போட்டியில் நுழையச் சாதாரண ஓட்டக்காரருக்கு இரண்டு வழிகள். ஒன்று குலுக்கல். 2026 போட்டிக்கு 11 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. இன்னொன்று அறக்கட்டளை இடம். அமைப்புகள் போட்டி நடத்துபவர்களிடம் காசு கொடுத்து இடங்களை வாங்கி வைத்திருக்கும். "இவ்வளவு திரட்டித் தருகிறேன்" என்று உறுதியளிப்பவருக்கு அந்த இடம் கிடைக்கும். அந்த உறுதித்தொகை பெரும்பாலும் 2,000 பவுண்டு அல்லது அதற்கு மேல். போட்டி ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். விண்ணப்பமோ முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும்.

குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்தவர்களும் அமைப்புக்காக ஓடலாம். அவர்களுக்குப் பெரும்பாலும் உறுதித்தொகைக் கட்டாயம் இருக்காது. இதுதான் மன அழுத்தம் குறைந்த வழி.

கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: உறுதித்தொகையில் கிஃப்ட் எய்ட் என்ற அரசின் கூடுதல் தொகை சேருமா (பெரும்பாலும் சேராது), தொகையை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், காயம்பட்டு விலகினால் இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா, அதுவரை திரட்டிய பணம் என்னவாகும், பதிவுக் கட்டணத்தை யார் கட்டுவது. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் முழங்கால் வீங்கிய பிறகுதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

படி 3: 2,000 பவுண்டை உடைத்துப் பாருங்கள்

மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும் தொகை, ஆட்களாகப் பிரித்தால் கைக்குள் வந்துவிடும். ஒரு மாதிரிக் கணக்கு: மிக நெருங்கிய 10 பேர் ஆளுக்கு 50 பவுண்டு, 500. நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் 30 பேர் ஆளுக்கு 20, 600. தெரிந்தவர்கள் 40 பேர் ஆளுக்கு 10, 400. மீதி 500 ஒரு சாப்பாட்டு நிகழ்ச்சியில். ஆக 80 பேரும் ஒரு மாலைப்பொழுதும்.

இப்போது ஒரு நோட்டில் 80 பெயர்களை எழுதுங்கள். 45 பெயரில் பேனா நின்றுவிட்டால், கையெழுத்திடுவதற்கு முன்பே அது தெரிந்தது நல்லது. வேலை பார்க்கும் நிறுவனம் ஊழியர் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தானும் தரும் திட்டம் வைத்திருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

படி 4: நிதிப் பக்கத்தை எழுதுங்கள்

ஜஸ்ட்கிவிங் போன்ற தளத்தில் பக்கம் திறக்கக் கால் மணி நேரம் போதும். அதில் என்ன எழுதுவது என்பதற்கு ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

இரக்கத்தை விற்காதீர்கள். "ஆட்டிச நோயால் அவதிப்படும் பாவப்பட்ட பிள்ளைகளுக்காக" என்று எழுதினால் பணம் வரலாம். ஆனால் அந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் ஆட்டிச நிலையாளர்கள் இருப்பார்கள், அவர்களுடைய தாய் தகப்பன் இருப்பார்கள். பிரிட்டனில் நூறு பேரில் ஒருவருக்கும் அதிகமானோர் ஆட்டிச நிலையாளர்கள். வாட்ஸப் குழுவில் 200 பேர் இருந்தால் அதில் அவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் ஆட்டிசத்தை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட வாசகங்களும் ஒரு காரணம்.

அதற்குப் பதில் மூன்று விஷயங்களை எழுதினால் போதும். யார் ஓடுகிறார், அவருக்கு ஓட்டம் எவ்வளவு புதிது. அமைப்பு என்ன வேலை செய்கிறது. எவ்வளவு தேவை. எட்டுப் பத்து வரிகளுக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

படங்களில் கவனம் தேவை. சொந்தப் பிள்ளையாக இருந்தாலும், பொது இடத்தில் தன் படம் வருவது அவருக்குச் சம்மதமா என்று அவருக்குப் புரியும் வழியில் கேளுங்கள். பேச்சு வராத பிள்ளை என்றால் படத்தைத் தவிர்த்துவிடுவதே மேல். பிள்ளை தாங்க முடியாமல் அழுது புரளும் காணொளியைப் போட்டு நிதி கேட்பது எந்த நல்ல நோக்கத்துக்கும் அடுக்காது. புதிர்த்துண்டுச் சின்னத்தையும் தவிருங்கள். 1963 இல் நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டியின் பெற்றோர் ஒருவர் வரைந்தது அது. இன்று பல ஆட்டிச நிலையாளர்கள் "நாங்கள் புதிரல்ல" என்று அதை விரும்புவதில்லை. அமைப்பு அனுப்பும் சின்னத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆட்டிசம் பற்றித் தமிழிலேயே படித்துத் தெளிய விரும்புபவர்களுக்கு எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் நூல்கள் நல்ல தொடக்கம்.

குறிப்பு: பக்கத்தை ஊருக்கு அறிவிக்கும் முன், நெருங்கிய மூன்று நான்கு பேரிடம் முதலில் போடச் சொல்லுங்கள். பின்னால் வருபவர் முன்னால் இருக்கும் தொகையைப் பார்த்துத்தான் தன் தொகையை முடிவு செய்வார். முதல் வரியில் 50 இருந்தால் அடுத்தவர் 5 போடக் கூசுவார். மொய் நோட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படி 5: வாய்விட்டுக் கேளுங்கள்

குழுவில் ஒரு இணைப்பைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வேலைக்கு ஆகாது. எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தனித்தனியாக, பெயர் சொல்லி, தொகை சொல்லிக் கேட்க வேண்டும். லண்டனில் ஹாரோவிலோ டூட்டிங்கிலோ இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அக்காவுக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

"அக்கா, வணக்கம். வாற ஏப்ரல் லண்டன் மரதன் ஓடுறன். ஆட்டிசம் உள்ள பிள்ளையளுக்கும் பெரியாக்களுக்கும் வேலை செய்யிற அமைப்புக்குக் காசு சேர்க்கிறன். உங்களால 20 பவுண்ஸ் தர ஏலுமோ? கீழ இருக்கிற லிங்கில போடலாம். நீங்கள் இஞ்ச வரி கட்டுறனீங்கள் எண்டால் கிஃப்ட் எய்ட் பெட்டியில டிக் பண்ணிவிடுங்கோ. ஏலாட்டிப் பரவாயில்லை, ஓட்டம் பாக்கவாவது வாங்கோ."

கடைசி வரி முக்கியம். இல்லை என்று சொல்லவும் மரியாதையான வழி திறந்திருக்க வேண்டும்.

எப்போது கேட்பது? தமிழர் நாட்காட்டி இந்தப் போட்டிக்கு அழகாக ஒத்துப்போகிறது. பயிற்சி தொடங்கிய இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தைப்பொங்கல். பக்கத்தை அறிவிக்க ஏற்ற நாள். ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். மிக நீண்ட பயிற்சி ஓட்டமும் அந்த வாரத்தை ஒட்டியே வரும். 30 கிலோமீட்டர் ஓடி முடித்த முகத்தோடு ஒரு படம் போட்டால் அதைவிட நல்ல விண்ணப்பம் வேறு இல்லை. ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு; அப்போது ஓட்டம் குறைந்து கைவசம் நேரம் இருக்கும். இதுவரை பதில் சொல்லாதவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். மூன்றாம் முறை கேட்டால் உறவு கசக்கும்.

கிஃப்ட் எய்ட்: எங்கே தவறுகிறார்கள்

பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் 20 பவுண்டு கொடுத்து கிஃப்ட் எய்ட் உறுதிமொழியும் தந்தால், அரசு 5 பவுண்டு சேர்த்து அமைப்புக்கு 25 ஆகக் கொடுக்கும். கொடுப்பவருக்குக் கூடுதல் செலவில்லை. ஆனால் விதிகள் உண்டு.

வேலையிடத்தில் பத்துப் பேரிடம் ரொக்கமாக வாங்கி, அதைத் தன் அட்டையில் மொத்தமாகக் கட்டி, தன் பெயரில் கிஃப்ட் எய்ட் பெட்டியில் டிக் செய்வது தவறு. அது அவருடைய பணமல்ல. விருந்துச் சீட்டுக்கும் பரிசுக் குலுக்கல் சீட்டுக்கும் கொடுத்த பணத்துக்கு கிஃப்ட் எய்ட் இல்லை. அங்கே கொடுத்தவர் பதிலுக்கு ஒன்றைப் பெறுகிறார். அந்த ஆண்டு வரியே கட்டாத ஓய்வூதியர், மாணவர், சென்னையிலும் கொழும்பிலும் டொரன்டோவிலும் இருக்கும் உறவினர் ஆகியோரும் டிக் செய்யக் கூடாது. அவர்களின் கொடையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

ரொக்கத்துக்குத் தனி நோட்டு வையுங்கள். பெயர், தொகை, தேதி. எண்ணும்போது இருவர் இருக்கட்டும். வசூலான வாரமே அமைப்புக்குக் கட்டிவிட்டு, பக்கத்தில் நேரடிக் கொடை என்று பதிந்துவிடுங்கள்.

படி 6: ஒரு தோசை மாலை

500 பவுண்டு திரட்ட நம் சமூகத்துக்குச் சாப்பாட்டைவிட நல்ல வழி இல்லை. தமிழ்ப் பள்ளி மண்டபம், கோயில் மண்டபம், வேலையிடத்துச் சிற்றுண்டிக் கூடம், எதுவானாலும் முதலில் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி. தெருவிலோ ரயில் நிலைய வாசலிலோ உண்டியல் குலுக்க வேண்டுமானால் உரிமம் தேவை. சூப்பர்மார்க்கெட் வாசல் என்றால் கடைக்காரரின் அனுமதி தேவை. பரிசுக் குலுக்கல் சீட்டை அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே விற்று முடித்துவிட்டால் உரிமம் வேண்டாம். ஒரு மாதம் முன்பிருந்தே ஊரெல்லாம் விற்பதானால் உள்ளூராட்சியில் பதிய வேண்டும்.

உணவில் ஒவ்வாமைதான் பெரிய ஆபத்து. பிரிட்டிஷ் விதிகளில் 14 ஒவ்வாமைப் பொருட்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் கடுகும் எள்ளும் உண்டு. தாளித்த சட்னியும் இட்லிப் பொடியும் அதில் அகப்பட்டுக்கொள்ளும். பொங்கலில் முந்திரி. நெய்யும் மோரும் பால். யாரும் நினைக்காத ஒன்று பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். "அரிசியும் உளுந்தும்தான், கோதுமையே இல்லை" என்று சொல்லிச் சாம்பாரை ஊற்றினால், கோதுமைப் புரதம் ஒவ்வாதவர் படுத்துவிடுவார். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஓர் அட்டை வையுங்கள்.

இன்னொரு குறிப்பும் உண்டு. ஆட்டிச அமைப்புக்கான நிகழ்ச்சியில் ஆட்டிச நிலையாளர்கள் வந்து உட்கார முடியாமல் போனால் அது கேலிக்கூத்து. ஒலிபெருக்கியைத் தணித்து வையுங்கள். பக்கத்தில் ஓர் அமைதியான அறையைத் திறந்து வைத்து, அதை அழைப்பிதழிலேயே எழுதுங்கள்.

சாப்பாடு தவிர, விநோத உடை அணிந்து ஓடினாலும் நிதி கூடும் என்பது உண்மைதான். 2002 இல் லாயிட் ஸ்காட் என்பவர் சுமார் 59 கிலோ எடையுள்ள ஆழ்கடல் மூழ்குடை அணிந்து ஐந்து நாளுக்கு மேல் நடந்து லண்டன் மாரத்தானை முடித்தார். அவர் இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட முன்னாள் தீயணைப்பு வீரர். முதல் மாரத்தான் ஓடுபவர் அந்த ஆசையை ஒத்திவைப்பது நல்லது.

படி 7: உடலை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நெடுந்தூரப் போட்டிகளில் பங்கெடுத்த 1 கோடியே 9 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வில், இதயம் நின்றுபோன நிகழ்வுகள் 59. மிகக் குறைவுதான். ஆனால் தெற்காசியர்களுக்கு இதய நோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், 40 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்தவர்களும், ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தவர்களும் குடும்ப மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. கருமை நிறத் தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது என்று பிரிட்டிஷ் பொதுச் சுகாதாரத் துறை சொல்கிறது. வெயிலே படாத லண்டன் குளிர்காலத்தில், எலும்புக்கு வேலை கொடுக்கும் ஓட்டக்காரருக்கு இது கூடுதல் அவசியம்.

படி 8: 16 வாரங்கள்

ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும்போது 8 கிலோமீட்டராவது நிற்காமல் ஓட முடிய வேண்டும். முடியாதவர்கள் முந்தைய கோடையிலேயே சனிக்கிழமை காலை 9 மணிப் பார்க்ரன்னில் சேரலாம். 2004 இல் புஷி பூங்காவில் தொடங்கிய அந்த 5 கிலோமீட்டர் ஓட்டம் இன்று ஊரெல்லாம் நடக்கிறது, கட்டணம் இல்லை.

வாரம் நான்கு நாள் ஓட்டம்: இரண்டு நாள் 6 முதல் 10 கிலோமீட்டர் மெதுவாக, ஒரு நாள் சற்றே வேகமாக, ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிற்று ஓட்டங்கள் இப்படி ஏறலாம்:

1. 1–4 வாரம்: 10, 12, 14, 11 கி.மீ.
2. 5–8 வாரம்: 16, 18, 20, 15 கி.மீ.
3. 9–12 வாரம்: 22, 25, 28, 20 கி.மீ.
4. 13 ஆம் வாரம்: 30 முதல் 32 கி.மீ. அதற்கு மேல் வேண்டாம்.
5. 14, 15 ஆம் வாரம்: 21, 13 கி.மீ. பதினாறாம் வார ஞாயிறு போட்டி.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரம் இறங்குவதைக் கவனியுங்கள். அந்த ஓய்வு வாரத்தைத் தாண்டி ஓடுவதுதான் முதல்முறை ஓடுபவர்களின் வழக்கமான தவறு. நீண்ட ஓட்டத்தை வேகமாக ஓடுவது அடுத்தது. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்; முடியாவிட்டால் வேகம் அதிகம்.

காலணியை மாலை நேரத்தில் வாங்குங்கள், கால் சற்று உப்பியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இருட்டில் ஓடும்போது ஒளியைப் பிரதிபலிக்கும் மேலாடை. நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓட்டம். பனி உறைந்த காலையில் ஓட வேண்டாம். காய்ச்சல் என்றால் முழு ஓய்வு. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படியான எலும்பு வலி தொடர்ந்தால் உடனே மருத்துவரிடம்.

படி 9: சாப்பாடும் தண்ணீரும்

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு ஜெல்லில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். ஜெல் ஒவ்வாதவர்கள் விதை நீக்கிய பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கி எடுத்துப் போகலாம். எதுவானாலும் குறைந்தது நான்கு நீண்ட ஓட்டங்களில் சோதித்ததாக இருக்க வேண்டும். காலை உணவு போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பு: இட்லியும் சீனியும், கஞ்சி, வாழைப்பழம், எது பழக்கமோ அது. பருப்பு மிகுந்த சாம்பாரையும் காரச் சட்னியையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வழியிலுள்ள கழிப்பறை வரிசைகள் நீளமானவை.

தண்ணீர் விஷயத்தில் பலரும் தவறான பக்கம் பயப்படுகிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13% பேருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. முக்கியக் காரணம் அளவுக்கு மீறிக் குடித்தது. 2007 லண்டன் மாரத்தானில் ஓர் இளைஞர் இதனாலேயே இறந்தார். தாகத்துக்குக் குடியுங்கள், ஒவ்வொரு நிலையத்திலும் குடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தலைவலி, வாந்தி, வயிறு உப்பல், குழப்பம் தெரிந்தால் வழியெங்கும் நிற்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர்களிடம் போய்விடுங்கள். போட்டிக்கு முன்னும் ஓடும்போதும் ஐபுபுரோஃபென் மாத்திரை கூடாது, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

படி 10: கடைசி வாரமும் போட்டி நாளும்

எண் அட்டையைப் போட்டிக்கு முந்தைய நாட்களில் எக்செல் அரங்கில் நேரில் போய், அடையாள ஆவணம் காட்டி வாங்க வேண்டும். போட்டி நாளில் கிடைக்காது. சனிக்கிழமை வரை தள்ளிப்போட்டு அந்த அரங்கில் நான்கு மணி நேரம் கால் கடுக்க நிற்பவர்கள் ஞாயிறன்று அதற்கான விலையைக் கொடுப்பார்கள். வாங்கிய உடனே அட்டையின் பின்புறத்தில் மருந்து, ஒவ்வாமை, அவசரத் தொடர்பு விவரங்களை எழுதிவிடுங்கள்.

கிரீனிச் பகுதியில் தொடங்கி முதல் 5 கிலோமீட்டரில் சாலை நல்ல இறக்கம். கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்துகொள்ள, ஐந்து மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர்கூட நாலரை மணி நேர வேகத்தில் பறப்பார். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் 7 நிமிடம் 7 விநாடி, ஒரு மைல் 11 நிமிடம் 27 விநாடி. கைக்கடிகாரம் அதற்குக் கீழே காட்டினால் வேகத்தைக் குறையுங்கள். டவர் பாலம் பாதித் தூரத்துக்குச் சற்று முன் வரும். அதன்பிறகு கேனரி வார்ஃப் கோபுரங்களுக்கிடையில் கடிகாரத்தின் ஜிபிஎஸ் குழம்பிவிடும். அங்கே மைல் பலகையை மட்டும் நம்புங்கள். சாலையில் வரைந்திருக்கும் நீலக் கோடுதான் அளந்த 42.195 கிலோமீட்டர், வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடுபவர் அதைவிடக் கூடுதலாக ஓடுகிறார்.

2018 போட்டி நாளில் வெப்பம் 24.1 டிகிரி வரை ஏறியது. குளிர்காலம் முழுக்க நடுங்கிப் பயிற்சி செய்த உடலுக்கு அது கடும் வெயில். முன்னறிவிப்பு 20 டிகிரியைத் தாண்டினால் இலக்கு நேரத்தை மறந்துவிட்டு ஓடி முடிப்பதை மட்டும் பாருங்கள்.

ஆட்டிச நிலையாளர் வேடிக்கை பார்க்க வந்தால்

ஓட்டப் பாதையிலுள்ள கட்டி சார்க் கப்பலடியும் டவர் பாலமும் காதைப் பிளக்கும் இடங்கள். மேளம், விசில், ஆயிரக்கணக்கான தொண்டைகள். பல அமைப்புகளின் ஆரவார முகாம்களும் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கும். குடும்பத்து ஆட்டிச நிலையாளர் வருவதாக இருந்தால் கூட்டம் குறைந்த இடத்தை முன்கூட்டியே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். காது காப்பான், பழகிய தின்பண்டம், கூட்டத்தைக் கடக்காமல் வெளியேறும் வழி, எந்த நேரத்திலும் கிளம்பிவிடலாம் என்ற வாக்கு, நான்கும் வேண்டும். வெளியே தெரியாத குறைபாடுகளுக்கான சூரியகாந்திக் கழுத்துப்பட்டை 2016 இல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி இன்று பல இடங்களில் அறிமுகம், விரும்பினால் அணியலாம். வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்து, பதக்கத்தை அன்று மாலை கையில் வாங்கிப் பார்ப்பதும் பங்கெடுப்பதுதான்.

ஓடுபவரே ஆட்டிச நிலையாளர் என்றால், தொடக்க இடத்து நெரிசல், காத்திருக்கும் நேரம், முடிவுக் கோட்டில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதையெல்லாம் அமைப்பிடம் முன்பே எழுதிக் கேட்கலாம். அவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல.

படி 11: ஓடி முடித்த பிறகு

தி மால் சாலையில் கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாதீர்கள், மெதுவாக நடந்துகொண்டே இருங்கள். அன்று மாலையே பதக்கத்தோடு ஒரு படமும், முடித்த நேரமும், நிதிப் பக்கத்தின் இணைப்பும் எல்லோருக்கும் போகட்டும். "முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இருந்தவர்கள் அந்த இரண்டு மூன்று நாட்களில்தான் போடுவார்கள்; ஆகவே பக்கத்தை மூட வேண்டாம். கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்லுங்கள், மொத்தத் தொகையையும் தெரிவியுங்கள். கையில் மிச்சமிருக்கும் ரொக்கத்தை அமைப்பு சொன்ன கெடுவுக்குள் கட்டி, ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள். திரட்டிய தொகைக்கு ஈடாகத் தருவதாகச் சொன்ன நிறுவனம் அந்த ரசீதைத்தான் கேட்கும்.